புகார்கள்: பூஜ்ஜியம்

எங்கள் அலுவலகத்தில் உண்மை கண்டுபிடிக்கப்பட்ட நாளை நேரில் பார்த்தவள் நான். பார்த்தவள் என்ன, கண்டுபிடித்தவளே நான்தான். அதற்கு முன்பு அங்கே தொலைபேசி இருந்தது, நாற்காலிகள் இருந்தன, வரவேற்பறையில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. உண்மை மட்டும் இல்லை. இணையத்திலிருந்து அதை இறக்கி, 'எல்லா நிபந்தனைகளையும் படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் ஒன்றைக்கூடப் படிக்காமல் டிக் அடித்து, நிறுவிக் கொடுத்தேன். இலவசம்.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனம். எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும் எங்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் எடுப்பது என் அத்தை, அப்பாவின் அக்கா. ஜன்னலோர மூலையில் ஒரு மேஜை, ஒரு தொலைபேசி, உட்காருவதற்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு குஷன். அதுதான் 'புகார்ப் பிரிவு'. நான் தங்கியிருப்பது அத்தை வீட்டில். இந்த வேலையை எனக்குச் சொல்லி வாங்கித் தந்ததும் அத்தைதான். ஆனாலும் "ஆபீஸ்ல என்னை அத்தைன்னு கூப்பிட்டே, தொலைச்சிடுவேன்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளை அங்கே மெக்கானிக்குகள் 'அக்கா' என்பார்கள். மற்றவர்கள், எதுவும் வேண்டாமென்று, 'ஏங்க' என்பார்கள்.

எங்கள் மேலாளரை அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'ஒருநிமிஷம்' என்று கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்பார். அதற்குப் பிறகு அந்த விஷயம் தானாகவே செத்துவிடும். எங்கள் கட்டடத்து லிஃப்ட்டே அப்படித்தான் இருந்தது. கதவு மூடும்போது முனகும், மூன்றாவது மாடி தாண்டும்போது ஒரு குலுக்கு குலுக்கும். அத்தை அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் "நம்ம லிஃப்ட்தானே, ஒரு நிமிஷம்" என்பார்.

அவர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு, அங்கே கொடுத்த பையோடும் பேனாவோடும் திரும்பி வந்தார்.

"இனிமே நாம டேட்டாவை வெச்சுதான் முடிவெடுக்கப் போறோம்."

"இதுவரைக்கும் எதை வெச்சு சார் எடுத்தோம்?"

"ஒரு நிமிஷம்" என்றார்.

அந்த மென்பொருளின் வகைக்குப் பெயர் 'வணிக நுண்ணறிவு'. எங்கள் வணிகம் அதுவரை நுண்ணறிவு இல்லாமலேதான் நடந்துவந்தது. யாரும் குறை சொன்னதில்லை. முதலாளிக்கும் முதலில் பிடிக்கவில்லை. 'இலவசப் பதிப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு நுண்ணறிவின் மேல் நம்பிக்கை பிறந்தது.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

"இல்ல சார். தாவரவியல்."

"ஏதோ ஒண்ணு. டிகிரிதானே?"

எங்கள் வீட்டிலும் இதே கணக்குத்தான். வம்சத்திலேயே முதல் பட்டதாரி என்பதால், டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் "படிச்ச பொண்ணு பார்ப்பா" என்று என் மடியில் போட்டுவிடுவார்கள். நான் அப்போது தற்காலிக ஊழியர். "இதை நல்லபடியா முடிச்சுக் கொடு, நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார். செடி கொடிகளின் மேல் ஆணையிட்டு நான் நுண்ணறிவில் இறங்கினேன்.

மென்பொருளுடன் ஒரு தொடக்க வழிகாட்டி வந்தது. அதன் முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள்: 'நீங்கள் பழகுவதற்காக மாதிரித் தகவல் தரப்பட்டுள்ளது. பயன்படுத்தத் தொடங்கும் முன் அதை நீக்கிவிடவும்.' திறந்து பார்த்தேன். உலகத்தில் இல்லாத ஏதோ ஒரு கம்பெனியின் 'சேவைப் புகார்கள்'. நாங்கள் ஊரைப் பிரித்திருப்பதைப் போலவே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. புகார்கள் மாதா மாதம் படியிறங்கி வந்து கடைசியில் பூஜ்ஜியத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. திரை முழுக்கப் பச்சை. அந்த இல்லாத கம்பெனியில் காலியிடம் இருந்தால் போய்விடலாம் என்று எனக்கே தோன்றியது.

முதுகுக்குப் பின்னால் "ஆஹா!" என்று ஒரு சத்தம். மேலாளர் தன் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், இது நம்மது இல்ல. சாஃப்ட்வேரோட கூடவே வந்த டூப்பு. நம்மளோடதை இனிமேதான் ஏத்தணும்."

"தெரியுது, தெரியுது. பார்க்க அழகா இருக்கேன்னு எடுத்தேன்."

நான் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் அந்த அழகு முதலாளியின் போனுக்குப் போய், அங்கிருந்து அவர் மச்சானின் போனுக்குப் போய், ஒரு வரிசை கைதட்டல் பொம்மைகளோடு திரும்பி வந்துவிட்டது. அதே வாரம் லிஃப்ட்டுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். அதுவரை அந்தச் சுவரில் குடிதண்ணீர் இயந்திரம் இருந்தது. அதைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். நுண்ணறிவு வேண்டுமென்றால் கொஞ்சம் தாகத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நான் நேர்மையானவள். எங்கள் சொந்தத் தகவலை ஏற்ற உட்கார்ந்தேன். அத்தை ஒவ்வொரு அழைப்பையும் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தாள், அவளுக்கே உரிய மொழியில்.

"இடம்ங்கிற கட்டத்துல 'நாய் வீடு'ன்னு போட்டிருக்கீங்களே?"

"ஆமா. நாய் இருக்கற வீடு."

"விலாசம் போடக் கூடாதா?"

"போட்டா ஸ்பானருக்கு எங்கடி புரியும்? நாயைச் சொன்னா நேரா போய் நிப்பான்." ஸ்பானர் என்பது வடக்கு மண்டலத்து மெக்கானிக்.

"இது என்ன, 'மறுபடியும் அதே கிழவர்'?"

"மறுபடியும் அதே கிழவர் மாட்டிக்கிட்டார். ஏழாவது மாடி. மாட்டினா பயந்துடுவார். ஆள் போற வரைக்கும் நான் அவரோட பேசிக்கிட்டே இருக்கணும். அவர் மருமகளைப் பத்தி எனக்குத் தெரியாத விஷயமே இல்ல."

மென்பொருள் 'நாய் வீடு' என்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து நடுக்கடலில் புள்ளி வைத்தது. "இந்த இடம் சரிதானா?" என்று பணிவாகக் கேட்டது. அந்த அலுவலகத்தில் என்னிடம் பணிவாகப் பேசிய முதல் ஆள் அதுதான். நாயைக் கரையேற்றி, கிழவரை ஏழாவது மாடியில் சேர்த்து, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, பொத்தானை அழுத்தினேன். நான்கு மண்டலமும் சிவப்பு. புகார்கள் படியேறிக்கொண்டிருந்தன.

"என்ன இது, ரத்தமா?" என்றார் மேலாளர்.

"இதுதான் சார் நம்ம டேட்டா."

"முன்னாடி நல்லா இருந்துச்சே?"

"அது நம்மது இல்ல சார்."

"முதலாளி அதைப் பார்த்துட்டாரும்மா. பார்த்ததைப் பார்க்காம ஆக்க முடியுமா? இப்போதைக்குப் பழையதையே போடு. நம்மளோடது அந்த அளவுக்கு வந்ததும் மாத்திக்கலாம்."

"எப்ப சார் வரும்?"

"ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, தன் மேஜையிலிருந்த என் நிரந்தரக் கோப்பை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார். திறக்கவில்லை. நகர்த்தினார், அவ்வளவுதான்.

கல்லூரியில் முதல்வர் கையிலிருந்தே மைக்கைப் பிடுங்கிப் பேசியவள் நான். பேருந்தில் காலை மிதித்தவனை அடுத்த நிறுத்தம்வரை திட்டியவள். என் கோபத்தைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்தக் கோபத்தோடு விறுவிறுவென்று என் இருக்கைக்குப் போனேன். பழையதையே போட்டேன். இரண்டு க்ளிக்.

மாதாந்தரக் கூட்டம் திரைக்கு முன்னால் நடந்தது. முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓவியக் கண்காட்சியில் நிற்பதைப் போல நின்றார்.

"வடக்குதான் பிரமாதம். யாருப்பா வடக்கு?"

ஸ்பானர் கையைத் தூக்கினான்.

"என்னப்பா ரகசியம்?"

"தெரியலை சார். நான் வழக்கம்போலத்தான்... நேத்துகூட மூணு எடத்துல நின்னுடுச்சு சார்."

"பாருங்க, என்ன தன்னடக்கம்!" என்றார் முதலாளி. எல்லோரும் கைதட்டினோம். ஸ்பானர் பயந்துபோய்த் தானும் தட்டினான்.

முதலாளியின் விரல் திரையில் பூஜ்ஜியத்தின் மேல் போய் நின்றது. "புகாரே இல்லையே. அப்புறம் புகார் எடுக்க ஒரு ஆள் எதுக்கு?"

அந்த நேரம் பார்த்து மூலையில் தொலைபேசி அடித்தது. அத்தை எடுத்தாள். "எந்தக் கட்டடம்? எந்த மாடிக்கு நடுவுல? கதவைத் தள்ளாதீங்க. என்கிட்ட பேசிக்கிட்டே இருங்க..."

"அந்தம்மா யார்கிட்ட பேசுறாங்க?"

"சொந்தக்காரங்களா இருக்கும் சார்" என்றார் மேலாளர்.

அப்போதுதான் எனக்குள் இருந்த புரட்சிப் பெண் கண் விழித்தாள். எழுந்தேன். "சார், அந்த ஸ்கிரீன்ல இருக்கறது பொய். இல்லாத கம்பெனியோட கணக்கு. நம்மளோடது இதோ" என்று என் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். சிவப்பு வெளிச்சம் முதலாளியின் முகத்தில் அடித்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தம்மா உனக்கு என்ன வேணும்?"

"...அத்தை."

"அதானே பார்த்தேன்! அத்தைக்கு வேலை போகுதுன்னதும் புகாரெல்லாம் முளைக்குது. இதோ பாரும்மா, டேட்டா உணர்ச்சிவசப்படாது. நீ படறே."

மாதக் கடைசியோடு புகார்ப் பிரிவை மூடிவிடுவதாக முடிவானது. தகவலின் அடிப்படையில் எங்கள் நிறுவனம் எடுத்த முதல் முடிவு.

வீட்டில் அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுந்து நின்னு சொல்லிட்டேன் அத்தை. எல்லார் முன்னாடியும்."

"பார்த்தேன். அது பொய்யின்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"...முதல்லயே."

அத்தை மடித்த துணியை உதறி மறுபடியும் மடித்தாள். "சரி, தட்டை எடு, சாப்பிடலாம்" என்றாள். அவள் திட்டியிருந்தால் பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. டிகிரி முடித்தவள் இல்லையா?

கடைசி நாளன்று அத்தை குஷனையும் தம்ளரையும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளி வந்து அவள் சேவையைப் பாராட்டிப் பேசிவிட்டு, மேலாளரோடு லிஃப்ட்டில் ஏறினார். கதவு முனகியது. மூன்றாவது மாடிப் பக்கம் அந்தக் குலுக்கல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மூலையில் தொலைபேசி அடித்தது. அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"எந்தக் கட்டடம்?"

ஒலி பெருக்கியைப் போடாமலே மேலாளரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஏங்க, நான்தாங்க! நம்ம கட்டடம்!"

"எந்த மாடிக்கு நடுவுல?"

"தெரியலையே, ஒரே இருட்டா இருக்கு! முதலாளிக்கு மூச்சு வாங்குது! சீக்கிரம்!"

"கதவைத் தள்ளாதீங்க. அவரை உட்காரச் சொல்லுங்க" என்றாள் அத்தை. அப்புறம், எந்தக் குத்தலும் இல்லாத குரலில், "ஒரு நிமிஷம்" என்றாள்.

ஸ்பானர் ஓடினான். அவன் மேலேயும் கீழேயும் என்னவோ செய்து, லிஃப்ட்டை எங்கள் மாடிக்கே ஏற்றிக் கதவை நெம்பித் திறக்கும்வரை அத்தை போனை வைக்கவில்லை. முதலாளியிடம் அவர் பேரனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேர்வையில் ஊறிய சட்டையோடு, முழங்காலில் தவழ்ந்து, முதலாளி வெளியே வந்தார். அவர் பார்வை முதலில் போனது சுவருக்கு. புகார்கள்: பூஜ்ஜியம். பச்சை. அவருக்கு மூச்சு சீரானது.

"நல்லவேளை" என்றார். "கிராஃப் கெடலை."

நன்றி மறக்காதவர். அங்கேயே, தரையில் உட்கார்ந்தபடியே, இரண்டாவது முடிவை எடுத்தார்: புகார்ப் பிரிவு தொடரும். இந்தக் கட்டடத்துக்கு மட்டும்.

"மத்த கட்டடத்துலேருந்து போன் வந்தா?" என்றாள் அத்தை.

"எடுக்க வேண்டாம்மா. அங்கதான் புகார் இல்லையே."

"மறுபடியும் அதே கிழவர் கூப்பிட்டா?"

"கூப்பிட மாட்டார். நீங்களே ஸ்கிரீனைப் பாருங்க."

அத்தை திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது நான் நிரந்தரம். பதவியின் பெயர் 'நுண்ணறிவு அலுவலர்'. மூலை காலியானதால் என் நாற்காலியை அங்கே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் காற்று நன்றாக வருகிறது. 'தொடங்கும் முன் நீக்கிவிடவும்' என்றுதானே வழிகாட்டி சொன்னது? நீக்குவதில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. எதிரே சுவர் முழுக்கப் பச்சை.

தாவரவியல் இறுதித் தேர்வில் ஒரு கேள்வி வந்தது: குளத்துத் தண்ணீர் முழுக்கப் பச்சையாகிவிட்டால் அதற்கு என்ன பொருள்? உள்ளே இருக்கும் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன்.