கண்ணாடிக்காரர் பிக்கப் மாற்றிய கதை

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே கண்ணாடிக்காரர் ஒரு முடிவு எடுத்துவிட்டார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் தன்னந்தனியாக எடுத்த முதல் முடிவு. அதைச் சொல்லும் அவசரத்தில் ஷட்டர் பாதியில் நின்றுகொண்டது.

"இதோ பாரு. இந்த விஷயத்துல நான் சொல்றதுதான் கடைசி!" என்றார்.

"சரிங்க," என்றாள் மனைவி, குனிந்து உள்ளே நுழைந்தபடியே.

"என்ன விஷயம்னு கேக்க மாட்டியா?"

"நீங்கதானே கடைசின்னு சொன்னீங்க. மெதுவா கடைசியா சொல்லுங்க, கேட்டுக்கறேன். இப்ப ஷட்டரை முழுசாத் தூக்குங்க."

கடை ஒன்று, தொழில் இரண்டு. முன்பக்கம் கண். அங்கே சுவர் முழுக்க ஃப்ரேம்கள், பெரிசிலிருந்து சிறிசாகப் போகும் எழுத்து அட்டை, ஒரு சுழல் நாற்காலி, அதன் பக்கத்தில் நம் கண்ணாடிக்காரர். மரத்தடுப்புக்குப் பின்பக்கம் காது. அங்கே அவர் மனைவி காது மெஷின் ரிப்பேர் பார்க்கிறாள். கடுகு சைஸ் பாகத்தை இடுக்கியால் பிடித்து, மூச்சைக் கூட விடாமல் ஈயத்தால் பற்றவைத்து, ஊரில் பாதிப் பேரை மற்ற பாதிப் பேர் பேச்சைக் கேட்க வைத்த புண்ணியவதி.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கண்ணாடிக்காரர் ஓர் இசைக்குழுவில், பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிட்டார் வாசிப்பார். பல் டாக்டர் கிட்டார். சலூன்காரர் டிரம்ஸ். கணக்கு வாத்தியார் கீபோர்டு. கழுத்துக்கு மேலே எந்தக் கோளாறு என்றாலும் இந்தக் குழுவிலேயே வைத்தியம் முடிந்துவிடும். பதினோரு வருஷமாக இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தது, போன ஞாயிறு வரைக்கும்.

போன ஞாயிறு பாட்டுக்கு நடுவில் சலூன்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வாசிக்கிறீங்களா, இல்ல சும்மா கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறீங்களா?"

"ஏன், கேக்கலையா?"

"கேக்கணும்னுதான் கேக்குறேன்."

கணக்கு வாத்தியார் கணக்காகப் பேசினார். "அவர் பாகத்தை நானே வாசிச்சுடுவேன். என் இடது கை எப்படியும் சும்மாதான் இருக்கு."

பல் டாக்டர் மட்டும் கண்ணாடிக்காரர் தோளில் கையை வைத்தார். "அவசரம் வேண்டாம். இருபது நாள்ல வியாபாரிகள் சங்க விழா. அதுவரைக்கும் விட்டு வைப்போம். அப்புறமும் ஆடிக்கிட்டே இருந்தா, வலிக்காம எடுத்துடலாம்."

அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாரம் ஆறு நாளும் எழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகிற மனுஷன். அந்த ஒரு சாயங்காலம்தான் அவருக்கு உயிர். அதுவும் போனால்? தன் இடத்தில் ஒரு வாத்தியாரின் இடது கையா! மூன்று நாள் செல்போனில் படித்துத் தள்ளினார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான். பிக்கப்!

பிக்கப் என்றால், கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கும் காந்தக் கட்டை. கம்பி அதிர்வதை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதுதான். அவருடைய கிட்டாரில் அப்படி இரண்டு. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டால் கூடமே அதிரும் என்று போன் சொன்னது. கறுப்பில் ஒரு ஜோடி, வெள்ளையில் ஒரு ஜோடி வரவழைத்துவிட்டார். பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம்.

"ஆக, பிக்கப் மாத்தறோம்," என்று முடித்தார்.

"மாத்தலாம். கடைசியா அதை எடுத்து வாசிச்சுப் பழகினது எப்போ?"

"கோளாறு கட்டையில. நான் எதுக்குப் பழகணும்?"

"எந்த ஜோடி நல்லாயிருக்கும்?"

"வெள்ளை. பாத்தாலே தெரியலை? என்ன ஒரு பளபளப்பு!"

"கேக்குற சாமானைக் கண்ணால தேர்ந்தெடுக்கிற ஒரே ஆளு நீங்கதாங்க," என்றாள் மனைவி.

அதற்குள் கண் சோதனைக்கு ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் அவரை உட்காரவைத்து லென்ஸை மாட்டினார். "இது நல்லாத் தெரியுதா?" கழற்றினார். மாட்டினார். "இல்ல, இதுவா?"

"ரெண்டாவது! சந்தேகமே இல்லை! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!" என்று தீர்ப்புச் சொன்னார் நீதிபதி.

அவர் போனதும் கண்ணாடிக்காரர் தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டும் ஒரே லென்ஸுடி! கழட்டி, ஊதி, அதையே திரும்ப மாட்டினேன். கண்ணு பாக்குதா, மனசு பாக்குதான்னு நமக்குத் தெரியணும்ல? பெரிய பெரிய ஆளெல்லாம் இதுல அவுட்டு!"

மனைவி இடுக்கியைக் கீழே வைத்தாள். "அப்படியா? நல்ல வேலையா இருக்கே," என்றாள். பிறகு கைவேலையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். மறுபடி பேசியபோது குரலில் தேன் ஒழுகியது.

"ஏங்க, உங்க பிக்கப்பையும் அப்படி முறையா சோதிச்சா என்ன? கறுப்பு எது, வெள்ளை எதுன்னு நீங்க பாக்கக்கூடாது. நான் உள்ளே வச்சுப் பற்றவைச்சு, மேல கறுப்புத் துணி டேப்பு ஒட்டிக் கொடுத்துடறேன். ஒண்ணாம் நம்பர் ஒரு நாள், ரெண்டாம் நம்பர் ஒரு நாள். நீங்க தினமும் ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாத்து, நோட்டுல எழுதுங்க. உங்க காது சொல்றதுதான் கடைசி."

'கடைசி' என்ற வார்த்தையில் கண்ணாடிக்காரர் கவிழ்ந்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் இதே வேலை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கிட்டாரையும் தன் சாமான் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அரை மணி நேரம் உள்ளேயிருந்து பற்றவைக்கிற வாசனை வரும். கண்ணாடிக்காரர் கதவுக்கு வெளியே நின்று அந்த வாசனையை மூக்கு நிறைய இழுத்து மகிழ்வார். பிறகு கதவு திறக்கும்.

"இந்தாங்க, இன்னைக்கு ஒண்ணு."

அவர் வாசிப்பார். முதலில் விரல் எரிந்தது. நாலாம் நாள் கொப்புளம். ஆறாம் நாள் கொப்புளம் காய்ந்து தோல் தடித்தது. ஆனால் மனுஷனுக்கு அதெல்லாம் கண்ணில் படவேயில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நோட்டு நிரம்பியது. 'ஒண்ணு: அடிவயிற்றில் பலம் இல்லை. ரெண்டு: முதுகெலும்பு உள்ள சத்தம். ஒண்ணு: ஜலதோஷம் பிடித்த குரல். ரெண்டு: குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்த குரல்.'

இடையில் ஒரு தில்லுமுல்லும் செய்தார். எது கறுப்பு, எது வெள்ளை என்று கண்டுபிடிக்க, மனைவி குளிக்கப் போன நேரத்தில் கிட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எடை மெஷினில் ஏறினார். ஒண்ணாம் நம்பர் நாளைவிட ரெண்டாம் நம்பர் நாளில் அரைக் கிலோ அதிகம்! வெள்ளை ஜோடிதான் கனமானது என்று போனில் படித்திருந்தார். தலைகால் புரியவில்லை அவருக்கு. ஒரு பிக்கப் ஜோடி அரைக் கிலோ கூடுமா என்று யோசிக்க வேண்டிய தலை, அப்போது பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் தீர்ப்பு வந்தது.

"ரெண்டு!" என்று மேஜையைத் தட்டினார். "மலைக்கும் மடுவுக்கும்..."

"உள்ள வித்தியாசம்," என்று முடித்து வைத்தாள் மனைவி. "சந்தேகமே இல்லையே?"

"என் காதையா சந்தேகப்படறே?"

"சேச்சே. அப்ப ரெண்டே இருக்கட்டும்."

சங்க விழாவில் நடந்ததை இன்றைக்கும் அந்தத் தெருவில் பேசுகிறார்கள். கண்ணாடிக்காரர் முதல் கம்பியைத் தட்டினார், பாருங்கள், தலைவர் மேஜையில் இருந்த தண்ணீர் ஜாடி கிணுகிணு என்றது. இரண்டாவது பாட்டில் முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆடின. மூன்றாவது பாட்டில் பொருளாளரே ஆடினார். சலூன்காரருக்கு உற்சாகம் தாங்காமல் ஒரு குச்சி பறந்துபோய்க் கூட்டத்தில் விழுந்தது. கணக்கு வாத்தியார் இடது கையைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்காரர் விரல்கள் எங்கே எப்போது போகவேண்டும் என்று அவரைக் கேட்காமலே போயின. அவ்வளவு ஆனந்தத்தை அவர் வாழ்க்கையில் அனுபவித்ததில்லை. மேடையை விட்டு இறங்கியதும் சலூன்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக் கிட்டத்தட்ட அழுதேவிட்டார்.

"அண்ணே, உங்களைப் போய் எடுக்கலாம்னு நினைச்சோமே!"

"எல்லாம் பிக்கப்," என்றார் கண்ணாடிக்காரர் பெருந்தன்மையாக. "பிக்கப்பும், அதைத் தேர்ந்தெடுத்த காதும்."

மறுநாள் காலை பல் டாக்டர் கிட்டாரும் கையுமாகக் கடைக்கு வந்து நின்றார். வாயெல்லாம் பல்.

"எனக்கும் அதே வேணும். அந்த ரெண்டாம் நம்பர்! கிட்டாருக்கும் அந்தக் கம்பெனிக்காரன் செய்வான்ல? பேரைச் சொல்லுங்க."

"உக்காருங்க டாக்டர். பெட்டி மேலயே போட்டிருப்பான்," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார் கண்ணாடிக்காரர். மனைவியின் மேஜை டிராயரை இழுத்தார்.

உள்ளே இரண்டு பெட்டிகள். கறுப்பு ஜோடி, வெள்ளை ஜோடி. இரண்டிலும் ஒட்டின சீல் ஒட்டினபடி அப்படியே இருந்தது. கண்ணாடிக்காரர் பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"என்னடி இது?" குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "பிரிக்கவே இல்லையா? அப்ப ஒண்ணாம் நம்பர்?"

"பழசு," என்றாள் அவள், காது மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டாம் நம்பர்?"

"அதே பழசு. டேப்பைப் பிரிச்சு, ஊதி, திரும்ப ஒட்டினேன்."

"பற்றவைக்கிற வாசனை வந்துதே!"

"பதினோரு காது மெஷின் முடிச்சேன். நேரமும் மிச்சம்."

"எடை? அரைக் கிலோ கூடியிருந்துதே?"

"ஓ, எடை வேற போட்டீங்களா? ரெண்டாம் நம்பர் அன்னைக்கெல்லாம் 'ஆஹா ஆஹா'ன்னு ரெண்டு தட்டு கூடச் சாப்பிட்டீங்களே, அது எங்க போகும்?"

கண்ணாடிக்காரர் சுழல் நாற்காலி இல்லாமலே சுழன்றார். "எனக்கே காது குத்திட்டியா! அப்ப அந்தச் சத்தம்? ஜாடி கிணுகிணுன்னுதே!"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, பிக்கப்பு கோணலா நிக்குது, கண்ணை உறுத்துதுன்னு ஸ்க்ரூவை முடுக்கி மட்டம் பண்ணினீங்களே, ஞாபகம் இருக்கா? மட்டம் ஆச்சு. கம்பிக்கு எட்டாம குழிக்குள்ளயும் போச்சு. முதல் நாளே ஸ்க்ரூவை ரெண்டு சுத்து தளர்த்தி மேல ஏத்திட்டேன். பாதிச் சத்தம் அதுல வந்துது."

"மீதிப் பாதி?"

அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பி, விரல் நுனியில் தடித்திருந்த தோலைத் தடவிக் காட்டினாள்.

"பதினாலு நாள், தினமும் ஒரு மணி நேரம். வாசிச்சுப் பழகுங்கன்னு நான் சொன்னா, ஜென்மத்துக்கும் செய்வீங்களா?"

"என்ன சார், பேரு கிடைச்சுதா?" என்று முன்பக்கத்திலிருந்து பல் டாக்டர் குரல் கொடுத்தார்.

கண்ணாடிக்காரர் திருதிருவென்று முழித்தார். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும். சலூனில் முடிவெட்டிக்கொள்ள முடியாது. பல்வலி வந்தால் அதோடேயே இருக்கவேண்டியதுதான். மனைவி எழுந்தாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள்.

"பேரெல்லாம் எதுக்கு டாக்டர்? கிட்டாரைக் கொடுத்துட்டுப் போங்க. ஒண்ணு, ரெண்டுன்னு மாத்தி மாத்திக் கொடுக்கறேன். நீங்க தினமும் ஒரு மணி நேரம் வாசிச்சுப் பாக்கணும். பதினாலு நாள்."

"பதினாலு நாளா? அவ்வளவு அவசியமா?" டாக்டர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். உங்க காதுதானே காது."

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி நின்றாள்.

"அவசியம்தான்," என்றார். "எனக்கென்னவோ உங்களுக்கும் ரெண்டுதான் பிடிக்கும்னு தோணுது."

டாக்டர் சந்தோஷமாகக் கிட்டாரை வைத்துவிட்டுப் போனார். கடை அமைதியாயிற்று. கண்ணாடிக்காரருக்கு வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நினைத்துப் பார்க்கப் பார்க்க நெஞ்சு உருகியது. பதினாலு நாள், தன் வேலைக்கு நடுவில், தனக்காக இவள் எவ்வளவு பாடுபட்டிருக்கிறாள்! கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா," என்றார் தழுதழுத்து. "நான் அந்தக் குழுவுல இருக்கணும்னு உனக்கு அவ்வளவு ஆசையா?"

"பின்னே?" என்றாள் மனைவி, டாக்டரின் கிட்டாரை உள்ளே தூக்கிக்கொண்டு போனபடி. "உங்களை எடுத்துட்டா ஞாயித்துக்கிழமை சாயங்காலமும் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க!"