தில்லிக்குப் போன பேஜர்

புதிதாகச் சட்டம் படித்து வந்தவனிடம் யாரும் தங்கள் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது. தீர்த்து வைக்கிறேன் என்று கிளம்பிவிடுவான். நானும் அப்படிக் கிளம்பியவன்தான். தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடி கோர்ட்டில் கறுப்புக் கோட்டின் மடிப்புக்கூடக் கலையாத ஜூனியராக இருந்தபோது நடந்தது இது.

அந்தோணி மாமா எங்களுக்குத் தூரத்து உறவு. செக்காலையில் வீடு. சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டினார். அவர் மகள் ஸ்டெல்லாவை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள் (நான்தான் அம்மாவைப் பிடித்துத் தள்ளிக் கேட்க வைத்தேன்). மாமா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வக்கீல்ங்கிறாக. கேஸு ஏதும் வருதான்னு பாப்போம்" என்றாராம்.

கேஸ் அவர் இடுப்பிலிருந்தே வந்தது. செல்போன் என்பது பெரும் பணக்காரர்கள் சமாசாரமாக இருந்த காலம். மாமா பேஜர் வாங்கியிருந்தார். வாடிக்கையாளர்கள் ஒரு நம்பருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னால், மாமாவின் இடுப்பில் இருக்கும் சின்னப் பெட்டியில் அது எழுத்தாக வந்து விழும். விழும் என்று மதுரைக் கம்பெனி சொல்லியிருந்தது. உண்மையில் கழனிவாசலில் ஒரு புளியமரத்தடியில் நின்றால்தான் விழுந்தது. மாமா காலையும் மாலையும் அங்கே போய்ப் பேஜரை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார் (மரத்துக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்தவர்களும் உண்டு).

மாமாவின் வேனைத் தவிர வேறு வண்டியில் ஏறாத ஓர் ஆச்சி, பிள்ளையார்பட்டியில் அபிஷேகத்துக்காகச் சென்னையிலிருந்து விடிகாலை ரயிலில் வந்து இறங்கினார். முதல் நாளே பேஜருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் செய்தி மாமாவுக்கு வரவில்லை. ஆச்சி குடும்பத்தோடு ஸ்டேஷனில் காத்திருந்து, காத்திருந்து, அபிஷேகமே தவறிப்போனது. பிறகுதான் புளியமரத்தடியில் பேஜர் கூவியது. மாமா பதறிக்கொண்டு ஓடினார். ஆச்சி கோபப்படவில்லை. "வர முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அந்தோணி" என்றார். செய்தி நேரத்துக்கு வரவில்லை என்று மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். போய்ச் சேர்ந்துவிட்டது என்று கம்பெனிப் பெண் சொன்னாளே என்றுவிட்டார் ஆச்சி.

மாமா உடைந்துபோனார். வாடகை போனது அவருக்குப் பெரிதில்லை. தன்னைப் பொய்யன் என்று ஆச்சி நினைத்துவிட்டார் என்பதுதான் சோற்றை இறங்கவிடவில்லை. கம்பெனிக்காரன் ஒருவன் வந்து, "செய்தி நேரத்துக்குப் போகலை, தப்பு எங்களுது" என்று ஆச்சியிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான் (ஆச்சி அந்தக் கோடை முழுக்கக் காரைக்குடி வீட்டில்தான் இருந்தார்).

என் சீனியரிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "சிவகங்கையில நுகர்வோர் மன்றம் இருக்குல்ல, ஒரு மனுவைப் போடு" என்றார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. குக்கர் விசில் வரவில்லை என்று போகிற இடத்துக்கா நான் போவது? தில்லியில் அப்போதுதான் தொலைத்தொடர்புக்கென்று ஓர் ஆணையம் வந்திருந்தது. பேப்பரில் படித்திருந்தேன். அந்தச் சட்டத்தை மதுரையில் ஒரு நண்பனிடம் ஜெராக்ஸ் வாங்கி, எனக்குப் பிடித்த பிரிவை மட்டும் சிவப்பு மையால் கோடிட்டு வைத்துக்கொண்டு, கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் ஆணையம் உங்கள் லைசென்ஸையே பிடுங்கிவிடும் என்று அதில் முழங்கியிருந்தேன்.

ஆச்சரியம், மேனேஜர் வந்தேவிட்டார். என் வயதுதான் இருக்கும், பஸ்ஸில் வந்து களைத்திருந்தார். மாமா வீட்டுக் கூடத்தில் வேன் ஸ்டாண்டே கூடியிருந்தது. கதவோரம் ஸ்டெல்லா நின்றாள். நான் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன் (மே மாதம்).

மேனேஜர் பணிவாகத்தான் பேசினார். "சார், லைசென்ஸ் கொடுத்தது கவர்மென்ட்டு. ஆணையம் சிபாரிசு பண்ணலாம், பிடுங்க முடியாது. இந்த மாதிரிப் புகாரை அவங்க விசாரிக்கலாம்னு எங்க சார் இருக்கு?"

இதற்காகத்தானே காத்திருந்தேன். ஜெராக்ஸை எடுத்துக் கணீரென்று ஆங்கிலத்தில் வாசித்து, ஸ்டாண்டுக்காரர்களுக்காக வரிக்கு வரி தமிழிலும் சொன்னேன். தகராறுகளைத் தீர்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்றதும் கூடத்தில் தலைகள் ஆடின. அந்த உற்சாகத்தில் பக்கத்தைத் திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. ஒரு பிரிவுக்குக் கீழே சின்னதாக ஒரு பத்தி தொங்கினால், மேலே கொடுத்ததை அது திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். என் வாய் அதற்குள் பாதி வாக்கியத்தைத் தாண்டியிருந்தது. "தனி ஒரு நுகர்வோரின் புகார், நுகர்வோர் மன்றத்தில் விசாரிக்கத்தக்கதாக இருந்தால், அது இந்த ஆணையத்தின் அதிகாரத்துக்குள்..." என்று இழுத்து, தொண்டையைச் செருமி, "வராது" என்று முடித்தேன்.

 ஸ்டாண்டுக்காரர் ஒருவர்தான் மெதுவாகக் கேட்டார்: "அப்ப எங்குட்டுப் போகணும் தம்பி?"

"சிவகங்கைக்கு" என்றேன். கதவோரம் ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கோட்டுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. பெண்ணும் போச்சு, கேஸும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவரை இன்றைக்கும் வெறுத்துக்கொண்டிருப்பேன். மாமா மட்டும் அவரைப் பார்த்து, "எனக்குச் சட்டமெல்லாம் வேணாம் தம்பி. அந்த ஆச்சிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுறீகளா?" என்றார்.   "ஆச்சி வீடு எங்குட்டு இருக்கு?" என்று மேனேஜர் எழுந்தார்.

எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே அவர் அன்றைக்கே மாமாவோடு போனார், சொன்னார். ஆச்சி மாமாவுக்குக் காபி கொடுத்து, அடுத்த பயணத்துக்கும் தேதி சொல்லி அனுப்பினாராம். மாமா அன்றிரவு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக ஸ்டெல்லா பிற்பாடு சொன்னாள்.

சில நாள் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். "நமக்குப் பாதகமா இருந்தும் கடைசி வரைக்கும் வாசிச்சாகளே. அந்த நேர்மைக்கே பொண்ணு கொடுக்கலாம்" என்றார். வாயை நிறுத்தத் தெரியாமல்தான் வாசித்தேன் என்று நான் சொல்லவில்லை. ஸ்டெல்லாவுக்கு அது அன்றைக்கே தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமா என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும், "நம்ம மாப்ளைக்கு டெல்லி வரைக்கும் சட்டம் தெரியும். சிவகங்கைக்குத்தான் வழி தெரியாது" என்பார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. பேஜரும் போய்விட்டது. ஆனால் வீட்டில் செல்போனில் நெட் வராமல், "இவனுகளை ஆணையத்துக்கு இழுத்து..." என்று நான் ஆரம்பித்தால் போதும், என் மகள் அடுப்படியில் இருக்கும் ஸ்டெல்லாவிடம், "அம்மா, அப்பா டெல்லிக்குக் கிளம்பிட்டாக" என்று குரல் கொடுப்பாள். நான் மறுபேச்சுப் பேசாமல் மொட்டை மாடிக்குப் போய், மாமா நின்ற மாதிரியே போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.