கையில் கட்டிய பட்டையும் கல்யாணப் பிரியாணி உப்பும்

கம்பம்,
வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்புத் தங்கை மைமூனுக்கு அக்கா ஜெய்த்தூன் பீவி சொல்லும் ஸலாம். உத்தமபாளையத்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். என் சுகத்தை நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். போனில் என்றால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

உன் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. நீ வரவில்லை, பத்திரிகை மட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் வரப்போவதில்லை. கோபம் என்று நினைக்காதே, வைத்தியம். எனக்கு முடக்குவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சு, காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் விரல் மடங்காது, டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. தேனியில் ஜாய்ஸ் என்று ஒரு டாக்டரம்மா சொன்னாக, உடம்புக்குக் காவல் நிற்கிற ஆட்களே சொந்த மூட்டுகளையே திருடன் என்று நினைத்து அடிக்கிறார்களாம். சொந்தம் எது, அந்நியம் எது என்று தெரியாத காவல். எனக்கு உடனே உன் ஞாபகம் வந்தது.

அப்புறம் படுக்கவைத்து, நிற்கவைத்து பிரஷர் பார்த்தார்கள். நிமிஷத்துக்கு ஆறு மூச்சு விடச்சொல்லி நெஞ்சுத் துடிப்பை மிஷினில் எடுத்தார்கள். நம்மைக் கேட்காமல் தானாக வேலை செய்கிற நரம்பு இருக்கிறதாம். அதில் ஒன்று ஜீப்புக்கு பிரேக் மாதிரி, துடிப்பை அடக்குமாம், வீக்கம் அடங்கவும் கைகொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு அந்த பிரேக் தளர்ந்துபோச்சாம். மாத்திரையை விடக்கூடாது, கூடவே மெதுவாக மூச்சு விடணும், மனசைக் கொதிக்கவிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாக. பேத்தி பெனாசிர் என் கையில் துடிப்பை எண்ணுகிற ஒரு பட்டை கட்டிவிட்டாள். துடிப்பு ஏறினால் கிர்ரென்று அதிரும்.

நானும் தஸ்பீஹ் மாலையை எடுத்து, ஒரு மணியை உருட்ட ஒரு மூச்சு என்று உட்கார்ந்தேன். இருபதாவது மணி தாண்டுவதற்குள் உன் மூத்த மகள் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. தொண்ணூத்தி நாலு, மே மாதம். நம்ம வீட்டில் பிரியாணிச் சட்டி திறந்தால் மூத்தவள்தான் உப்புப் பார்ப்பது வழக்கம். தாயில்லாத உன்னை வளர்த்தவள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கரண்டிக்குக் கை நீட்டுகிறேன். நீ என்னைத் தாண்டிக் கரண்டியை நீட்டி, "நசீம் மதினி, நீங்க பாருங்க" என்கிறாய். உன் நாத்தனார் நாக்குக்கு உப்பும் சீனியும் ஒன்று. அன்றைக்குப் பந்தியில் ஏழு குடம் தண்ணீர் காலி, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிர்ர். எழுந்து வாசலுக்கு நடந்தேன், திரும்ப உட்கார்ந்தேன், கிர்ர். பெனாசிர் வந்து, "நன்னிமா, அவுகள மன்னிச்சிட்டு மூச்ச விடுங்களேன்" என்றாள்.

"மொதல்ல அவ வந்து கேக்கட்டும், பெறகு மூச்சு விடுறேன்" என்றேன்.

இருந்தாலும் நேற்று மூட்டு வீங்கித் தொழுகைக்கு உட்கார முடியவில்லை. அதனால் நீ கேட்காமலே உன்னை மன்னித்துவிட்டேன். உனக்காக இல்லை, முழங்காலுக்காக. ஆனால் வரமாட்டேன். பொண்ணு மாப்பிள்ளை நூறு வருஷம் ஒற்றுமையாக வாழ இங்கன இருந்தே துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ஜெய்த்தூன் பீவி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது பெனாசிர் பட்டையின் கணக்கைப் போனில் எடுத்துக் காட்டினாள். உப்பு விஷயம் எழுதின நேரமெல்லாம் துடிப்பு சாந்தமாக இருக்கிறது. வரமாட்டேன் என்று எழுதின ரெண்டு இடத்தில்தான் ஏறியிருக்கிறது. டாக்டரம்மா பேச்சைத் தட்ட முடியாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜீப்போடு நீயே வா. அந்நேரத்துக்கு என் விரல் மடங்காது, உப்புப் பார்க்கக் கரண்டியை நீதான் பிடித்து ஊட்டவேண்டும். அதுவரை நசீமைச் சட்டிப் பக்கம் விடாதே.