பார்சல் வராத தவக்காலம்

சாம்பல் புதன்கிழமை பின்னேரம், நெற்றியில் பூசிய சாம்பல் அழிய முந்தியே, யாக்கோப்பு ஒரு மகா தீர்மானம் எடுத்தார்.

காரணம் புனித அந்தோனியார். வெளிநாட்டில், குட்மேய்ஸ் என்ற ஊரில் இருந்த வீட்டு முன்னறையில், புனிதர்களின் சுருபங்கள் வைத்த தட்டுக்கு எதிரே முழங்காலில் நின்று கண்ணை மூடி மன்றாடிவிட்டுத் திறந்தால், முன்னால் எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற எயார் பிறையர் பெட்டி. அதன்மேல் சப்பாத்துப் பெட்டி. அதன்மேல் உள்ளே என்ன என்று கத்தரினுக்கே மறந்துபோன இன்னொரு பெட்டி. தொலைந்த சாமான்களை எல்லாம் தேடித் தருகிற அந்தோனியாரே தொலைந்து போயிருந்தார்.

"கத்தரின்! அந்தோனியார் எங்கை?"

"பெட்டிக்குப் பின்னாலை பாருங்கோ. அவர் எங்கை போகப்போறார்?" குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது.

"இது வீடோ, வெயர்ஹவுஸோ?"

"ஏன் கத்துறியள்? எல்லாம் சேலிலை வாங்கினது."

"தவக்காலம் தொடங்கிற அண்டைக்குமோ சேல்?"

"அவங்கள் போடுறாங்கள். நானோ போடச் சொன்னனான்?"

யாக்கோப்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாணம் கட்டின புதிதில் ஒரு பூசை தவறவிடாத பெண் இவள். இப்போது பெரிய வெள்ளியை மறந்தாலும் கடைக்காரர் மலிவு விற்பனை போடுகிற கறுப்பு வெள்ளியை மறப்பதில்லை. பார்சல் கொண்டுவருகிற வான்காரன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். பங்குச் சுவாமிக்கு அவள் பெயர் இன்னும் தெரியாது.

"கேட்டுக்கொள்," என்றார். "உயிர்த்த ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டுப் படியை ஒரு பார்சலும் தாண்டக்கூடாது. இதுதான் இந்த முறை ஒறுத்தல்."

ஒரு பெரிய சண்டைக்கு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ஓம்," என்றாள் கத்தரின்.

"என்ன ஓம்?"

"ஓமெண்டா ஓம்தான். இந்த வீட்டுப் படியை ஒரு பார்சலும் தாண்டாது. மாதாவாணை. அதுசரி, உங்கட ஒறுத்தல் என்ன?"

"இதுதானே!"

"இது என்ர. உங்கட என்ன?"

யாக்கோப்பு இதை யோசித்திருக்கவில்லை. போன ஞாயிறு பிரசங்கத்தில் காதில் விழுந்தது வாயில் வந்தது. "பிறர்சிநேகம்," என்றார்.

"நல்லது," என்றாள் கத்தரின். அந்த நல்லதை அவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

அவர் எங்கே கவனித்தார்? ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது, பங்குச் சபைத் தலைவர் செபமாலைமுத்துவிடம் போட்டு உடைத்துவிட்டார்.

"ஒரு பார்சலும் வராதோ?" செபமாலைமுத்துவின் கையில் பிஸ்கட் அப்படியே நின்றது. "என்னண்டு அண்ணை? என்ர வீட்டிலை என்னாலை வாயே திறக்க ஏலாது."

"வீட்டிலை ஆம்பிளை எண்டு ஒருத்தன் இருக்க வேணும் தம்பி."

அந்த இடத்திலேயே முடிவாயிற்று. குருத்தோலை ஞாயிறு, பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் யாக்கோப்பு சாட்சியம் சொல்ல வேண்டும். விஷயம், கடைமோகத்தை வென்ற கத்தோலிக்கக் குடும்பம். யாக்கோப்புக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாகப் பங்கில் அவருக்குக் கிடைத்தது மஞ்சள் சட்டை போட்டுக் கார்களை ஒழுங்குபடுத்துகிற வேலைதான். மைக் கிடைத்ததே இல்லை.

அடுத்த கிழமை பக்கத்து வீட்டு பெர்னடெற் வந்தாள். மன்னார்ப் பிள்ளை, ஆஸ்பத்திரியில் நேர்ஸ்.

"அண்ணை, ஒரு உதவி. எனக்கு இப்ப பகல் ஷிப்ட். என்ர பேருக்கு வாற பார்சலை ஒருக்கா எடுத்து வைப்பியளோ? நான் வந்தோடனை தந்தாச் சரி."

பஸ் ஓட்டுகிற யாக்கோப்பு விடிய ஷிப்டை முடித்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். தட்டிக்கழிக்கப் பார்த்தார். கத்தரின் மெல்ல, "பிறர்சிநேகம்," என்றாள்.

வந்தன பார்சல்கள். அப்பாடா, என்ன வரத்து! ஒரு தனிப் பொம்பிளைக்கு இவ்வளவு என்னத்துக்கு என்று யாக்கோப்பு திகைத்துப் போனார். வாக்கு வாக்குத்தானே, ஒன்றையும் வீட்டுப் படி தாண்ட விடாமல், பக்க வழியால் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்வளவு ஷெட்டில் வைத்தார். பின்னேரம் அங்கிருந்து தூக்கி பெர்னடெற் வீட்டில் கொடுத்தார். கொடுக்கும்போது சும்மா கொடுக்கவில்லை. அறிவுரையும் சேர்த்தே கொடுத்தார்.

"இதுக்குள்ளை என்ன பிள்ளை?"

"ஹான்ட்பாக் அண்ணை. சிவப்பு. மழையிலை நனைஞ்சா பழுதாப் போயிடும்."

அதைத் தன் கோட்டுக்குள் வைத்து, தான் நனைந்து கொண்டுவந்திருந்தார் மனுசன். "உனக்கு இருக்கிறது ரெண்டு கை. எத்தினை பை? இஞ்சை பார், கத்தரினும் உன்னைப் போலத்தான் இருந்தவ. இப்ப எப்பிடித் திருந்தியிட்டா!"

"ஓம் அண்ணை. அக்கா மாதிரி ஏலாது," என்று பெர்னடெற் தலையைக் குனிந்துகொண்டாள்.

கத்தரின் திருந்தியது பொய்யில்லை. ஒவ்வொரு பின்னேரமும் பெர்னடெற் வீட்டுக்குச் செபமாலை சொல்லப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகளை நினைக்கிற துக்க தேவ இரகசியம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரே சிரிப்பாகக் கேட்டது. பக்தி முற்றினால் அப்படியும் வருமாக்கும் என்று யாக்கோப்பு மனதைத் தேற்றிக்கொண்டார்.

தேற்ற முடியாதது அவருடைய நாரிதான். பார்சல் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியவில்லை. குருத்தோலை ஞாயிறு கிட்டக் கிட்டப் பயம் பிடித்தது. கிடைத்த ஒரு மைக்குக்கு முன்னால் கேள்விக்குறி மாதிரி வளைந்துகொண்டா நிற்பது? நாரிக்குக் கட்டுகிற பெல்ற் ஒன்று இருந்தால் போதும். ஆனால் நல்ல பெல்ற் பார்சலில்தான் வரும். கடைசியில் வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உன்ர பேரிலை எனக்கு ஒரு நாரிப் பெல்ற் போடுவியோ? இது மருந்து மாதிரித்தானே, பாவமில்லை. ஆனா கத்தரினுக்கு மூச்சு விடாதை."

"ஐயோ அண்ணை, நான் ஏன் சொல்லப் போறன்?"

ஒரு கிழமை போயிற்று. வேறு பெட்டிகள் எல்லாம் வந்தன. யாக்கோப்பு சுமந்தார். "பெல்ற் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டால், "தேடிப் பாக்கிறன் அண்ணை," என்றாள் பெர்னடெற்.

குருத்தோலை ஞாயிறும் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் சுவாமி. மேடைக்குப் பக்கத்தில் கையில் குருத்தோலையும் நாரியில் மற்றக் கையுமாக யாக்கோப்பு வளைந்து நின்றார். கத்தரின் கிட்ட வந்து ஒரு பொதியை நீட்டினாள்.

"இதைக் கட்டிக்கொண்டு ஏறுங்கோ. நிமிர்ந்து நிண்டு சொல்ல வேண்டாமே?"

பெல்ற்!

யாக்கோப்பு அவசரமாக அதைக் குருத்தோலையால் மறைத்தார். "பெர்னடெற் சொல்லிப்போட்டாளோ?"

"சீச்சீ, அவள் வாய் திறக்கேல்லை. நான்தான் பெட்டியை உடைச்சனான்."

"அவளின்ர பெட்டியை நீ ஏன் உடைச்சனி?"

"அவளின்ர பெட்டியெண்டு ஆர் சொன்னது?"

யாக்கோப்புக்கு ஷெட் ஞாபகம் வந்தது. மழை ஞாபகம் வந்தது. செபமாலைச் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"எல்லாமோ?"

"அவளும் ஒண்டு ரெண்டு எடுத்தவள்தான்."

"அடி பாவி! மாதாவாணை எண்டு சொன்னியே!"

"எங்கட படியை ஒரு பார்சலாவது தாண்டினதோ? நீங்களே ஒண்டும் விடாமல் பக்க வழியாலை கொண்டுபோனியள். என்ர சத்தியத்தை நீங்கள்தானப்பா காப்பாத்தினது."

"இப்ப மேடையிலை ஏறி முழுக்கச் சொல்லுறன் பார்!"

"சொல்லுங்கோ. பெல்ற்றையும் மறக்காமல் சொல்லுங்கோ."

செபமாலைமுத்து மைக்கில் அவர் பெயரைக் கூப்பிட்டார். கத்தரின் பெல்ற்றைச் சட்டைக்குள்ளால் சுற்றி, மூச்சு முட்ட இறுக்கிவிட்டுப் போய் இருந்தாள். யாக்கோப்பு மேடையில் ஏறினார். இவ்வளவு காலம் ஏங்கிய மைக் வாய்க்கு நேரே நின்றது. அவர் குருத்தோலையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார், திரும்பவும் மாற்றினார்.

சுவாமிதான் எடுத்துக் கொடுத்தார். "பயப்பிடாமல் சொல்லுங்கோ யாக்கோப்பு. இந்தக் கடைமோகத்தை உங்கட வீட்டிலை எப்பிடி வெண்டனீங்கள்?"

"எல்லாம் கத்தரின்தான், சுவாமி," என்றார் யாக்கோப்பு.

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். சுவாமி திரும்பி, "இதிலை ஆர் கத்தரின்?" என்று கேட்டார். கத்தரின் அடக்கமாக எழுந்து நின்று, மழையில் ஒரு துளி படாமல் அவர் சுமந்துகொண்டு போன சிவப்புக் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.