பண்ணாடி துப்பாக்கிக்கு என் கை அளவு

வாயில்லாத மருமகள் ஒருத்தி வந்துவிட்டால், அந்த வீட்டில் நடக்கிற தப்புக்கெல்லாம் போட்டுவைக்க ஓர் இடம் கிடைத்துவிடும். நான் அப்படி வாயில்லாமல் இருந்தவள். ஐந்தாவது வரைதான் படிப்பு. கோபத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரன் காலம். சங்ககிரிப் பக்கம் என் மாமனார் துப்பாக்கி செய்கிற ஆசாரி. குழல் வாயில் மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடித்துச் சுடுவார்களே, அது. லைசென்சு வைத்திருக்கும் பெரிய மனிதர்கள்தான் செய்யச் சொல்வார்கள். சுடப்போகிறவரின் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். பின்கட்டை அந்த நீளம் இருந்தால்தான் தோளில் சரியாக உட்காரும். (எனக்கு அங்கே ரவிக்கைக்குக்கூட யாரும் அளவெடுத்ததில்லை. நாத்தனாரின் பழசுதான்.)

நான் கல்யாணமாகிப் போய் இரண்டு மாதம். கடலைக்காட்டில் பன்றி புகுகிறதென்று பெரிய நிலக்காரர் ஒருவர் துப்பாக்கி கேட்டிருந்தார். எல்லாரும் அவரைப் பண்ணாடி என்பார்கள், நான் பார்த்ததில்லை. மாமனார் அவர் ஊருக்கே நடந்துபோய் அளவெடுத்து, நூலைப் பட்டறை ஆணியில் மாட்டியிருந்தார். சும்மா கிடக்கிற நூல் என்று நான் அதை நாலாக அறுத்து அவரைக்கொடியைப் பந்தலில் கட்டிவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வெறும் ஆணியைப் பார்த்தார்.

"இங்கிருந்த நூலு எங்க புள்ள?"

சொன்னேன். முகம் சாம்பலாகிவிட்டது.

"அய்யோ, அது பண்ணாடி கையளவு! அப்பனுக்குத் தெரிஞ்சா உன்னையப் பொறந்தூட்டுக்கே ஓட்டீருவாரு."

"மாமாகிட்டச் சொல்லீரட்டுங்களா?" (எங்கே சொல்வது! அவர் எதிரில் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.)

"வாயத் தொறக்காதே. வேற நூல மாட்டி உடு. எல்லாம் கை நீளந்தானே."

யார் கை என்று அந்த மகராசன் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த கை என்னுடையது. அளந்தேன், முடிந்தேன், மாட்டினேன். வேலை சுத்தமென்று பெருமை வேறு!

மாமனார் ஒன்றரை மாதம் உழைத்தார். குழலைக் கடைந்து, தோதகத்தி மரத்தில் பின்கட்டையைச் செதுக்கி, எண்ணெய் ஏற்றி வழவழப்பாக்கினார். நாற்பது வருசம் இதையே செய்தவருக்குக் கட்டை குட்டையாக வருகிறதே என்று தோன்ற வேண்டாமா? கண் எதற்கு இருக்கிறது?

பண்ணாடி வண்டியிலிருந்து இறங்கினார். ஆறடிக்கு மேல், ஒவ்வொரு கையும் கிணற்று ஏற்றமரம் மாதிரி. கதவிடுக்கில் பார்த்த நான் என் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். துப்பாக்கியைத் தோளில் வைத்தார். பெருவிரல் போய் மூக்கில் இடித்தது.

"ஏனப்பா ஆசாரி, இது எனக்கா, எம் பேத்திக்கா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. "வேற கட்டை போட்டுத் தாரனுங்க சாமி" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டு, வீட்டிலுள்ளவர்களை வரிசையாக நிறுத்தினார். பின்கட்டையை ஒவ்வொருவர் முழங்கை மடிப்பிலும் வைத்துப் பார்த்தார். மாமியாருக்குச் சேரவில்லை. மகனுக்குச் சேரவில்லை. என் விரல் மட்டும் அச்சாகப் போய் விசைமேல் உட்கார்ந்தது.

"நூல மாத்துனது இவதானா? உனக்குத் தெரியுமாடா?"

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்கப்பா."

அன்றைக்கே வண்டி கட்டி ராசிபுரத்தில் என் அப்பன் வீட்டில் இறக்கிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கூட்டிப்போனதும் என் அருமைக்காக இல்லை. நான் கட்டிய அவரை அப்படிக் காய்த்துக்கிடந்தது, பறிக்க ஆளில்லை.

கழற்றிய கட்டை வீட்டோடு தங்கிவிட்டது. புது மருமகள் வந்தால் அதை அவள் முழங்கையில் வைத்துப் பார்த்து, "பண்ணாடிக்குச் சேருமா?" என்று சிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் வீட்டுக்காரர் சாகிறவரை கல்யாணத்துக்குக் கல்யாணம் இந்தக் கதையைச் சொன்னார். ஒரு தடவையாவது அந்தக் "கை நீளந்தானே" வந்ததா? வரவில்லை. ஓடு எண்ணியதும் வரவில்லை.

போன தையில் பேரன் பெண்டாட்டி முழங்கையில் வைக்கப் போனார்கள். பிடுங்கிக்கொண்டேன். அந்த வீட்டில் என் அளவுக்கென்று செய்த சாமான் அது ஒன்றுதான். இப்போது என் கட்டிலுக்கு மேலே மாட்டியிருக்கிறேன், எதிர்ச்சுவரில் மாலையோடு இருக்கும் என் வீட்டுக்காரர் படத்தைக் குறிபார்த்தபடி.