ஒன்றுக்கு மூன்று பங்கு மணல்

நான் தாவரவியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். இதை நானாக யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் மற்றவர்கள் சொல்கிறார்கள், அதுவும் விருந்தாளி யாராவது வந்திருக்கும்போது.

அந்தப் பட்டத்தால்தான் எனக்குக் கல்யாணமே நடந்தது. எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாமியாருக்குக் குரோம்பேட்டையில் ஒரு டீச்சர் பெண்மேல் கண். மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; மொட்டை மாடியில் முப்பது தொட்டி வைத்திருப்பவர். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"எந்தச் செடிக்கு எந்த மண்ணுன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் அங்கிள்," என்றேன். (எனக்குத் தெரிந்ததெல்லாம் வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மண்ணைக் கையால் தொட்டதே இல்லை.)

அவர் வீட்டுக்குப் போய் எனக்காகச் சண்டை போட்டாராம். "டீச்சர் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. பாட்டனி கிடைக்குமா?" என்று கேட்டாராம். என் கணவர் அருள் பிற்பாடு சொன்னது இது. ஆக, அந்த முப்பது தொட்டிகளில் என் மானம் மட்டுமல்ல, எனக்காக வாதாடிய மனுஷனின் மானமும் இருந்தது.

கல்யாணமாகி நான்காம் மாதம் வேலூரில் நாத்தனாருக்குப் பிரசவம். அத்தையும் மாமாவும் பன்னிரண்டு நாள் தங்கலாகக் கிளம்பினார்கள். "தண்ணி மட்டும் ஊத்தினாப் போதும்மா," என்றார் மாமா. அத்தை தொட்டிகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், ஆட்டோவில் ஏறிவிட்டார். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

திரும்பி வருவதற்குள் எல்லாத் தொட்டிக்கும் மண் மாற்றி அசத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். ரோஜாவுக்குச் செம்மண், எரு, மணல் மூன்றும் சமபங்கு. ஃபெர்னுக்கு இலை மக்குதான் பிரதானம், மணல் ஒரு பிடி போதும். கள்ளிக்கு எருவே ஆகாது, வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. ஆகவே ஒரு பங்கு செம்மண்ணுக்கு மூன்று பங்கு மணல். அந்த அட்டவணையில் இன்றைக்கும் ஒரு பிழை காண முடியாது. நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

மணலுக்குப் பஞ்சமில்லை. அப்போது எங்கள் பக்கம் மூன்று மனைக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கட்டுகிற வீட்டில் இரண்டு பக்கெட் மணல் எடுப்பது, பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கிள்ளுவது மாதிரி. எதிர் மனைக்காரரும், "தாராளமா எடுத்துக்கம்மா," என்றார்.

மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்துப் போனேன். அங்கே இரண்டு குவியல்கள். ஒன்றில் கூழாங்கல், கிளிஞ்சல், நாய் விட்டுப்போன சமாசாரம். இன்னொன்று தகரத்தின்மேல், சலித்து, மாவு போல. சலிக்கிற வேலை மிச்சம் என்று இரண்டாவதிலிருந்து எட்டு பக்கெட் அள்ளினேன். லேசான சாம்பல் நிறமாக இருந்தது. தாது உப்புகள் நிறைந்த மணல் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். (எம்.எஸ்ஸி.)

மூன்று மணிக்கு எதிர் மனையில் மேஸ்திரி கத்துவது மாடிவரை கேட்டது. "எவன்டா கலவைய எத்தினு போனது?" எனக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் அருளிடம், "தெருவுல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு, கேட்டைப் பூட்டுங்க," என்றுகூடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மண் கொஞ்சம் இறுகியிருந்தது. இறுகினால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். கள்ளி உட்பட எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் இன்னும் இறுகியது. காலை, மாலை இரண்டு வேளை ஊற்றினேன். "புதுசாப் பூசின சுவர் வாசனை வருதே," என்றார் அருள். எதிர் மனையிலிருந்து காற்றடிக்கிறது என்று விளக்கினேன்.

பத்தாம் நாள் கள்ளித் தொட்டியைக் கிளறப் போய் என் களைக்கொத்து வளைந்துவிட்டது. எதிர் மனை மேஸ்திரி தாமுவைக் கூப்பிட்டேன். அவர் விரலால் தட்டினார். பிறகு பூச்சுக் கரணையால் தட்டினார்.

"இன்னாக்கா இது, தொட்டியா, பில்லரா?"

"மண்ணு இறுகிடுச்சு. தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தறேன், அப்படியும்..."

"ரெண்டு வேளையா! அதான் க்யூரிங் சும்மா கும்முனு கீது. நம்ம பசங்கிட்ட தலைபாடா அடிச்சிக்கிறேன், பூசின செவுத்துக்கு ஒருத்தன் தண்ணி ஊத்த மாட்றான்." மாடிச் சுவரோரம் போய், "டேய், எல்லாம் மேல வாங்கடா, வந்து பாருங்க," என்று குரல் கொடுத்தார். கொடுத்தவர் பாதியில் நிறுத்தி மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அக்கா, அன்னிக்கு சிமிட்டி கலந்து வெச்ச மணலு..."

நான் வளைந்த களைக்கொத்தை நிமிர்த்தத் தொடங்கினேன்.

சேதம் என் அட்டவணைப்படியே, துல்லியமாக நடந்திருந்தது. ஃபெர்ன்கள் பிழைத்தன. ரோஜாக்கள் கடலை மிட்டாய்ப் பதத்தில் நின்று இலை உதிர்த்திருந்தன. மாமா ஏழு வருஷம் வளர்த்த உருண்டைக் கள்ளி கருங்கல்லில் உட்கார்ந்திருந்தது.

வேலூரிலிருந்து வந்ததும் மாமா நேராக மாடிக்குத்தான் போனார். பின்னாலேயே அத்தை. அவர்களுக்குப் பின்னால் நோட்டோடு நான். மாமா கள்ளித் தொட்டியைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நோட்டை நீட்டி நடந்ததைச் சொன்னேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல வரிவரியாகப் படித்தார்.

"என்ன எழுதியிருக்கா உங்க பாட்டனி?" என்றார் அத்தை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றார் மாமா. "செடிக்குப் பதிலா வீடு கட்டிட்டா, அவ்வளவுதான்."

அத்தை சிரிக்காமல் இருக்க முயன்று தோற்றார். அந்த வீட்டில் எனக்கு இடம் கிடைத்தது அன்றைக்குத்தான்.

மாமா கள்ளியை அடியோடு அறுத்து, காயவைத்து, வேறு தொட்டியில் நட்டார், அது பிழைத்துக்கொண்டது. மணலை மட்டும் அவரே போய் வாங்கி வந்தார். பழைய தொட்டியின் ஓடு உடைந்து விழுந்ததும் உள்ளே தொட்டி வடிவத்தில் ஒரு கல் மிஞ்சியது. அது வாசல் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போனது. அத்தை வருகிறவர்களிடம், "அது எங்க மருமகளோட எம்.எஸ்ஸி.," என்று அறிமுகம் செய்வார்.

பல வருஷம் கழித்து அந்த வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்தோம். இடிக்கும்போது மாமாவும் அத்தையும் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டே நாளில் வீடு தரைமட்டம். கடைசியில் ஒரு ஆள் அந்தக் கல்லைச் சம்மட்டியால் நாலு போடு போட்டான். பிடி உடைந்தது, கல் அப்படியே இருந்தது.

மாமா அத்தையிடம் திரும்பினார். "அன்னைக்கே வீட்டையும் இவகிட்ட கட்டச் சொல்லியிருக்கலாம்."