சனிக்கிழமைச் சிக்கு

வாவிக் காற்றில் விலகிய நூல் மூன்றாவது தடவையாகத் தோமஸின் காதில் வந்து மாட்டியது.

"சொறி! சொறி!" என்றார் தோணியின் முன்பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்.

"சேர் சொறி சொல்றார்," என்று பின்பக்கத்தில் இருந்த மர்சூக் மொழிபெயர்த்தார்.

"அது எனக்கும் விளங்குது காக்கா. காதை விடச் சொல்லுங்க."

வெள்ளைக்காரரின் பெயர் இயன். ஸ்கொட்லாந்துக்காரர். சுனாமி அலை அடித்த பிறகு மட்டக்களப்புக்கு வந்திறங்கிய எத்தனையோ தொண்டு நிறுவனங்களில் ஒன்றில் வேலை. மர்சூக் ஏறாவூர்க்காரர், அந்த நிறுவனத்தின் சாரதி; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் தோமஸ் அவரைக் காக்கா என்பான். கட்டாரில் பதினொரு வருடம் லொறி ஓட்டிச் சேர்த்த இங்கிலிஷை வைத்து மொழிபெயர்ப்பும் செய்துவந்தார். தோமஸ் நாவலடியில் சொந்தப் படகு வைத்திருந்த கடல் மீனவன். படகு போய்விட்டது. வீடு போய்விட்டது. மனைவி செசீலியாவும் போய்விட்டாள். ஏழு மாதமாகத் தங்கச்சி றஜனியின் குடும்பத்தோடு முகாமில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தான். யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவான்.

அவனை இந்தத் தோணியில் ஏற்றியது றஜனிதான்.

"அண்ணன், ஃபைலோட வாற வெள்ளைக்காரன் சும்மா வரமாட்டான். போட் இழந்த ஆக்களுக்குப் புது போட் குடுக்கிற லிஸ்ட் அவர்ட கையிலதான் இரிக்கும். சனிக்கிழமையில மீன் பிடிக்க ஒரு ஆள் கேட்கிறார். நீங்க போங்க."

"நான் தண்ணிக்குப் போறல்ல."

"கடலுக்கா போகச் சொன்னன்? வாவிதானே. விழுந்தா எழும்பி நிக்கலாம்."

வாவிக்கரையில் குடியிருந்த கதிர்காமத்தம்பியிடம் ஒரு பழைய தோணியை இரவல் வாங்கினான் தோமஸ். அப்படித்தான் இந்தச் சனிக்கிழமை விடிந்தது.

இயன் சேரின் மீன்பிடி தோமஸுக்குப் புதிது. நம்முடைய தூண்டிலில் ஈயம் பறந்துபோய் நூலை இழுக்கும். இதில் ஈயமே கிடையாது. சேமியாத் தடிப்பில் ஒரு பச்சை நூல். அந்த நூல்தான் பாரம். நுனியில் நான்கு கோழி இறகைக் கட்டிய ஒரு கொக்கி. தடியை முன்னும் பின்னும் நாலைந்து தரம் வீசி, நூலை ஆகாயத்தில் நீளவிட்டு, கடைசியில் ஒரே எறி. தூரம் போகவேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு பாக நீள நூலை முன்கூட்டியே இழுத்துக் காலடியில் தளர்வாகப் போட்டுவைக்க வேண்டும். எறியும்போது அது தானாகக் கிளம்பித் தடிக்குள்ளால் பறக்க வேண்டும்.

பறந்தால்தானே. தோணியின் அடிப்பலகையில் ஆணி இருந்தது. தண்ணீர் அள்ளும் சிரட்டை இருந்தது. நங்கூரக் கயிறு இருந்தது. நூல் இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, கடைசியில் தன்னைத்தானே கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு குருவிக்கூடாகச் சுருண்டது.

சேர் அதற்குக் கை நீட்டினார்.

"இழுக்க வேணாம் எண்டு சொல்லுங்க காக்கா! இழுத்தா இறுகிரும். இஞ்ச தாங்க."

தோமஸ் குந்தியிருந்து சிக்கெடுக்கத் தொடங்கினான். விரலுக்கு அது பழகிய வேலை. கால் மணி நேரம் போனது. வாவியில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுந்தது.

"செசீலியா எண்டா இந்நேரம் எடுத்திருப்பாள்," என்றான் தோமஸ், நூலைப் பார்த்தபடியே.

மர்சூக் அதைத் தணிந்த குரலில் மொழிபெயர்த்தார். சேர் தடியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"மறுகா?" என்று பிறகு நடந்ததைக் கேட்டார் மர்சூக்.

"மறுகா என்ன. வலையில சிக்கு விழுந்தா நான் கத்தியை எடுத்திருவன். அவள் கையைத் தட்டிவிடுவாள். ஒரு கண்ணிகூட அறுக்க விடமாட்டாள்."

சிக்கு கழன்றது. தோமஸ் வாயை மூடிக்கொண்டு கோலை ஊன்றினான்.

கொட்டிலுக்கு வந்ததும் றஜனி கேட்டாள். "போட் கதை கதைச்சீங்களா?"

"அந்த மனிசனுக்குக் காலுக்க கிடக்கிற நூலைப் பார்க்கத் தெரியா. முதல்ல அதைச் சரிப்பண்ணினாத்தான் மனிசன் சந்தோசப்படுவார். சந்தோசமா இரிக்கக்குள்ளதான் போட்டைப் பத்திக் கேட்கலாம்."

அடுத்த சனிக்கிழமை தோமஸ் தோணியைத் துடைத்து வைத்திருந்தான். ஆணிகளை அடித்து இறக்கிவிட்டான். கயிறு, நங்கூரம், சிரட்டை எல்லாவற்றையும் கரையிலேயே விட்டான். நூல் மாட்டுவதற்கு இனி எதுவும் இல்லை.

வாவியின் நடுவில் வந்த பிறகுதான் சிரட்டையின் அருமை தெரிந்தது. அடித்து இறக்கிய ஆணிகளில் ஒன்று அடிப்பலகையில் புதிதாக ஒரு வழி திறந்திருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் ஏறியது. நூல் அதில் மிதந்து மர்சூக்கின் செருப்பு வாரைச் சுற்றியது. சேர் எட்டிப் பார்க்கிறேன் என்று நூலை மிதித்துக்கொண்டே எறிந்தார். மர்சூக் தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, சோற்றை வாவிக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் அள்ளினார்.

"இண்டைக்கு மீன் பிடிக்கல்ல. மீனுக்குச் சாப்பாடு குடுத்திரிக்கம்," என்றார்.

அன்றைய சிக்கை எடுக்க முக்கால் மணி நேரம். செசீலியா கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டாள் என்பதையும், ஆனால் அந்த மூன்று நாளும் மீன் குழம்பு நன்றாக இருக்கும் என்பதையும் தோமஸ் சொன்னான். சேர் தொடையில் தட்டிச் சிரித்தார். தன் மனைவியும் அப்படித்தானாம், ஆனால் அவளுக்குக் குழம்பும் வைக்கத் தெரியாதாம்.

மூன்றாவது சனிக்கிழமை, ஓட்டையை அடைத்து, அடிப்பலகை முழுவதும் நனைத்த சாக்கை விரித்தான். ஈரச் சாக்கில் நூல் அசையாமல் பவ்வியமாகக் கிடந்தது. சேரின் சப்பாத்து நாடாவில்தான் வினை. சப்பாத்தைக் கழற்றச் சொன்னான். சேர் கழற்றினார். பிறகு நூல் அவருடைய கால்விரல்களுக்கு நடுவே புகுந்து நெய்துகொண்டது. ஒரு மனிதனுடைய கால்விரல்களுக்குள் அவ்வளவு நூல் தானாகப் போகுமா என்று தோமஸுக்கே வியப்பு. அவன் சேரின் காலை மடியில் வைத்துச் சிக்கெடுத்தான். செசீலியாவுக்குப் பிள்ளை தங்காமல் போன கதையை அன்றைக்குத்தான் சொன்னான்.

"அண்ணன், போட்?" என்றாள் றஜனி.

"பொறுகா. மனிசன் இன்னும் ஒரு எறிகூட ஒழுங்கா எறியல்ல. எந்த முகத்தோட கேட்கிற?"

நான்காவது வாரம் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. றஜனிக்கு நிவாரணத்தில் கிடைத்த நீலப் பிளாஸ்டிக் பேசினை எடுத்தான். கம்பியைச் சுடவைத்து அதன் அடியில் இருபது ஓட்டை போட்டு, தடித்த தங்கூசி நைலோன் நூலை விரல் நீளத்துக்கு வெட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் நிமிர்த்தி நட்டான். முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. நூலை இழுத்து இதற்குள் விட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று சேராமல் முட்களுக்கிடையே அடங்கிக் கிடக்கும். இரண்டு பக்கமும் கயிறு போட்டுச் சேரின் இடுப்பில் கட்டிவிட வேண்டியதுதான்.

"என்ர பேசின்!" என்று றஜனி கத்தினாள். "பாவிமனிசா, உடுப்புத் தோய்க்க இரிந்தது அது ஒண்டுதானே!"

"போட் வந்தா பத்து பேசின் வாங்கலாம்."

கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் சிப்பாய்கள் பேசினைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்கள். உள்ளே இருபது முள் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டமான பொருளை அவர்கள் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, மர்சூக் சிங்களத்திலும் இயன் இங்கிலிஷிலும் தோமஸ் கைச்சாடையிலும் மீன் பிடித்துக் காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

ஆனால் பேசின் வேலை செய்தது. சேர் தடியை வீசினார். வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, சத்தமே இல்லாமல் போயின. கரைச் சேற்றில் நின்ற கண்ணாப் பற்றையின் ஓரத்தில் இறகு பஞ்சாக விழுந்தது. மறுபடியும் எறிந்தார். மறுபடியும் போனது. ஒரு கொடுவா மீன்கூடப் பிடிபட்டது.

தோமஸ் சேரின் முகத்தைப் பார்த்தான். பரீட்சையில் தோற்ற பிள்ளையின் முகமாக இருந்தது.

"என்ன காக்கா, மீன் சின்னனெண்டு கவலையா?"

"என்னமோ," என்றார் மர்சூக், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அன்று சிக்கே விழவில்லை. மூன்று பேரும் பேசாமல் போய், பேசாமல் கரைக்கு வந்தார்கள். போட்டைப் பற்றிக் கேட்க அந்த முகம் இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை, தோணியில் ஏறும்போதே சேர் பேசினுக்குள் காலை வைத்தார். அது இரண்டாகப் பிளந்தது.

"சொறி! சொறி!"

"மொழிபெயர்க்க வேணாம் காக்கா," என்றான் தோமஸ். அவனுக்கு அலுத்துவிட்டது. றஜனிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. இப்படி ஒரு மனிதனை யார் வேலைக்கு எடுத்தார்கள், இவன் போடுகிற லிஸ்ட்டில் எத்தனை பேருடைய போட் சிக்குப்பட்டுக் கிடக்கிறதோ என்றெல்லாம் யோசித்தான்.

கடைசி வழி ஒன்றுதான் மிச்சம். நூலைத் தானே பிடிப்பது. சேருக்குப் பக்கத்தில் நின்று, அவர் இழுத்துவிடும் நூலை இடது கையில் வளையமாக வாங்கினான். முதல் வளையம் பெரிது, அடுத்தது அதைவிடச் சிறிது, அதற்கடுத்தது இன்னும் சிறிது. அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. விரல் போதவில்லை. கடைசி வளையத்தை உதட்டில் கவ்விக்கொண்டான்.

சேர் பதறிப்போனார். தடியை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினார்.

"வாயில வைக்க வேணாமாம்," என்றார் மர்சூக்.

"ம்ம்?"

"கிருமி இரிக்காம். கையில எத்தினை வளையம் வேணுமெண்டாலும் வைக்கட்டாம். வாயில மட்டும் வேணாமாம்."

தோமஸ் வாயைத் திறந்தான். வளையம் விழுந்தது. அதற்குள் சேர் தடியை எடுத்துத் திரும்பி நின்று எறிந்தார். நூல் தோமஸின் கை, கோல், மர்சூக்கின் கழுத்து, சேரின் தோள் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் கட்டியது. கதிர்காமத்தம்பி கரையில் நின்று பார்த்தவர், மூன்று பேரையும் மீன் பிடித்துவிட்டதாக நினைத்தாராம்.

அந்தச் சிக்கை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. வெயில் ஏறியது. மூவரும் முழங்கால் முட்ட நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். தோமஸ் ஒரு கண்ணியைத் தளர்த்தினான். பிறகு இன்னொன்றை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் காக்கா," என்றான். "நான் அவளைக் கையில பிடிச்சிருந்தன். பனையில ஒரு கை, அவளில ஒரு கை. முதல் அலைக்கு விடல்ல."

மர்சூக் மொழிபெயர்க்கவில்லை. சேரும் கேட்கவில்லை.

"ரெண்டாவதுக்குக் கை வழுகிட்டு. நான் விடல்ல காக்கா. வழுகினது."

"ஓம் தம்பி. வழுகினது."

தோமஸ் நூலில் தலையைக் குனிந்தபடி அழுதான். விரல்கள் மட்டும் நிற்காமல் வேலை செய்தன. சிக்குத் தீர்ந்தபோது நூலைச் சுருட்டிச் சேரிடம் கொடுத்தான். ஒருவரும் எறியவில்லை. அன்றிரவு றஜனி வைத்த சோற்றை இரண்டாவது தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

பிறகு வந்த வாரங்களிலும் சிக்கு விழுந்தது. ஆனால் வரவரச் சின்னச் சிக்கு. நவம்பரில் மழை தொடங்கியபோது மீனவர் சங்கத்தின் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பதினேழாவது பெயர் தோமஸ்.

"நான் சொன்னன்தானே!" என்று றஜனி கஜுக் கொட்டை வறுத்துப் பொதி கட்டினாள். "சேருக்குக் கொண்டுபோய்க் குடுங்க. அவர் நாட்டுக்குப் போகப்போறாராம்."

தோமஸ் பொதியோடு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனான். வாசலில் மர்சூக் வாகனம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சேருக்கு நன்றி சொல்ல வந்தன் காக்கா. போட் லிஸ்ட்டில பேர் வந்திட்டு."

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல விசயம். ஆனா அதுக்கேன் சேருக்கு நன்றி?"

"அவர்தானே லிஸ்ட் போட்டவர்?"

மர்சூக் தண்ணீர்க் குழாயை மூடினார். "போட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல தம்பி. அவர் மனசு பார்க்கிற டொக்டர். ஒன்ட தங்கச்சிதான் இஞ்ச வந்து அழுது அவரை உனக்காகக் கூட்டிட்டுப் போனது. லிஸ்ட்டில பேர் குடுத்ததும் அந்தப் புள்ளதான்."

தோமஸ் கஜுப் பொதியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான்.

"டொக்டரா? சரி. நல்ல மனிசன். மருந்து குடுக்கத் தெரிஞ்சிரிக்கும். ஆனா நூல் எறிய மட்டும் பழகவே இல்லையே காக்கா, பாவம்."

"அவரா? அவர்ட நாட்டில தூரமா எறியிற போட்டியில மூணு தரம் முதல் பரிசு எடுத்த ஆள்," என்றார் மர்சூக். "முதல் நாள் விழுந்தது மட்டும்தான் தம்பி உண்மையான சிக்கு. அதை எடுக்கக்குள்ள நீ ஒன்ட மனிசிட பேரைச் சொன்னாய். மத்ததெல்லாம் அவர் கஷ்டப்பட்டுப் போட்டது."